உள்ளிருந்து பூட்டும் கதவு

அமெரிக்காவில் ‘அசிஸ்டெட் லிவிங்’ எனப்படும் உதவிசார் முதியோர் குடியிருப்பு, அதாவது குளியல், உடை, மருந்து போன்ற அன்றாடத் தேவைகளுக்குத் துணை பெற்றுக்கொண்டு முதியவர் தம் சொந்த அறையில் தம் விருப்பப்படி வாழும் ஏற்பாடு, ‘நர்சிங் ஹோம்’ என்னும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றாகத் தோன்றியது. 1965இல் மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டம் வந்தபின் பெருகிய அவ்வில்லங்கள் மருத்துவமனையின் வார்டையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தமையால், உண்ணும் வேளை முதல் உறங்கும் வேளை வரை நிர்வாகமே முடிவு செய்தது. பக்கவாதத்துக்கு ஆளான தம் தாய் அத்தகைய இல்லங்களில் நெடுங்காலம் இருக்க நேர்ந்ததைக் கண்ட முதுமையியல் அறிஞர் கெரன் பிரவுன் வில்சன், 1983இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 112 வீடுகள் கொண்ட ‘பார்க் பிளேஸ்’ குடியிருப்பைத் திறந்தார். அங்கு ஒவ்வொருவருக்கும் தனிச் சமையலிடமும் குளியலறையும், உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும் இருந்தன. பூட்டு அற்பப் பொருளாகத் தோன்றினும், நோயாளி என்ற நிலையிலிருந்து வீட்டுக்குரியவர் என்ற நிலைக்கு முதியவரை உயர்த்தியது அதுவே எனலாம்.

1990களில் இம்முறை நாடெங்கும் பரவியபோது, பெயர் நிலைத்துப் பல இடங்களில் கருத்து மெலிந்தது வருந்தத்தக்கது. 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் நர்சிங் ஹோம்களையே நெறிப்படுத்தியது. உதவிசார் குடியிருப்புகள் மாநில விதிகளுக்கு விடப்பட்டன. ஆகவே உறவினருக்காக இடம் தேடுவோர், முகப்பு மண்டபத்தின் அழகைவிட, இரவில் எத்தனை பணியாளர் இருப்பர், உடல் மேலும் தளர்ந்தால் வெளியேற்றப்படுவாரா, கூடுதல் உதவிக்கான கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பவற்றையே முதலில் கேட்டறிய வேண்டியவராயினர்.