பனிமேல் வந்த பாண்

போர்களைப் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கும்போது படைத்தலைவர்களின் பெயர்களையே நாம் பெரிதும் ஒப்புவிக்கச் செய்கிறோம். அப்பெயர்ப் பட்டியலில் லொறிச் சாரதிக்கு இடமில்லை. ஆனால் ஒரு மாநகரத்தின் உயிர் ஒரு குளிர்காலம் முழுவதும் சாரதிகளின் கைகளிலேயே தங்கியிருந்தது.

1941 செப்ரெம்பர் 8ஆந் திகதி நாஸிப் படைகள் லெனின்கிராட் நகருக்குச் செல்லும் தரைவழிகளை முற்றாக அடைத்தன. நவம்பர் 20ஆந் திகதி பாண் பங்கீடு தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 250 கிறாமாகவும், அலுவலருக்கும் குழந்தைகளுக்கும் 125 கிறாமாகவும் குறைந்தது. அந்தப் பாணும் முழுவதும் மாவினாலானதன்று; மரக்கூழும் அதிற் கலந்திருந்தது. எஞ்சியிருந்த வழி லடோகா ஏரி ஒன்றே. அவ்வேரி அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்தது.

முதலில் குதிரைச் சறுக்குவண்டிகள் சென்றன. நவம்பர் 22இல் ஒன்றரைத் தொன் லொறிகள் பனிக்கட்டியின்மீது இறங்கின. பனிக்கட்டி மெல்லியதாகையால் அவை முழுச்சுமையை ஏற்ற இயலவில்லை. சில மூடைகளே ஏற்றப்பட்டன. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பாதை அது. பனிப்புயல் வீசும்போது வழிக்குறிகள் மறைந்துபோகும். விளக்கேந்தி நின்ற பெண்களே வழிகாட்டினர். மேலே எதிரி விமானம், கீழே ஆழ்நீர். பனி பிளந்தால் வெளியே பாய்வதற்காகக் கடுங்குளிரிலும் கதவைத் திறந்துவைத்தே சாரதிகள் லொறியைச் செலுத்தினர்.

இங்கு ஒரு புதிர் தோன்றியது. நிறைசுமையுடன் நகரை நோக்கி வந்த லொறிகள் தப்பின. ஆட்களை ஏற்றிச் சுமை குறைந்து திரும்பியவை சில வேளைகளில் மூழ்கின. லெனின்கிராட் பௌதிக விஞ்ஞானிகள் பனிக்கட்டியின் அசைவை அளந்து காரணத்தைக் கண்டனர். ஓடும் லொறி பனிக்கட்டியின் கீழ் நீரில் அலையை எழுப்புகிறது. லொறியின் வேகமும் அலையின் வேகமும் ஒத்துவிடின் அதிர்வு பெருகிப் பனி உடைகிறது. ஆகவே ஆபத்து சுமையில் மட்டுமன்று, வேகத்திலும் இருந்தது. அதற்கேற்ப வேகத்துக்கும் இடைவெளிக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. பசித்த விஞ்ஞானியின் அறிவும் உறக்கமிழந்த சாரதியின் உழைப்பும் அங்கு ஒன்றுபட்டன.

டிசெம்பர் 25இல் தொழிலாளரின் பங்கு 350 கிறாமாகவும் ஏனையோரின் பங்கு 200 கிறாமாகவும் உயர்ந்தது. 1942 ஏப்ரல் 24 வரை 3,60,000 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு நகரை அடைந்தது. 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வழியே வெளியேறினர். எனினும் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். அதை மறைத்து வீரத்தை மட்டும் பாடுவது வரலாறாகாது.

மற்றொன்றையும் நாம் மறைத்தல் தகாது. முற்றுகையின் நினைவாக அந்நகர மக்கள் அமைத்த காட்சிச்சாலையை அவர்களது அரசே 1949இல் மூடியது. 1989இலேயே அது மீண்டுந் திறக்கப்பட்டது. மக்களின் பெயரால் ஆண்டோரும் மக்களின் நினைவுக்கு அஞ்சினர்.

அந்த நினைவைக் காப்பது ஆட்சியாளரின் கருணையைப் பொறுத்த காரியமாக இருத்தல் கூடாது. நாளை வகுப்பறையில் லெனின்கிராட்டைப் பற்றிப் பேசும்போது, கதவு திறந்த அந்த லொறியிலிருந்தே நாம் தொடங்குவோம்.