ஒற்றைப்பலகைக் கணினி இசைப்பான்

ஒற்றைப்பலகைக் கணினி இசைப்பான் என்பது ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியுடன் எண்ணிம-ஒப்புமை மாற்றியை இணைத்து வீட்டிலேயே அமைக்கப்படும் உயர்தர இசைக்கருவி ஆகும். ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபின் இம்முறை பரவியது.

அமைப்பு

2014 இல் வெளிவந்த பி+ வகை முதல் கணினிப் பலகையில் 40 முள்கள் உள்ளன. இவற்றுள் 12, 35, 40 ஆம் முள்கள் வழியே ஐ2எஸ் முறையில் இசைத்தரவு மாற்றிக்குச் செல்கிறது. மாற்றியிலிருந்து வரும் ஒலி மிகைப்பியை அடைகிறது. வோலுமியோ, மூட் ஆடியோ ஆகியவை இதற்கான லினக்ஸ் சார்ந்த மென்பொருள்கள்.

கடிகாரச் சிக்கல்

ஒலித்தரத்தை முடிவு செய்வது நுண்செயலியின் வேகம் அன்று, கடிகாரமே. குறுந்தகட்டு இசையில் நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளன. தொடக்ககாலப் பலகைகளின் படிகம் 19.2 மெகா ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இதை எந்த முழு எண்ணால் வகுத்தாலும் 44,100 கிடைக்காது. தோராயமாக வகுக்கும்போது துடிப்புகள் சிறிது முன்பின்னாக விழும். இது நடுக்கம் எனப்படும். தரமான மாற்றிகளில் 22.5792, 24.576 மெகா ஹெர்ட்ஸ் படிகங்கள் தனியே உண்டு. முன்னது 44,100 இன் 512 மடங்கு, பின்னது 48,000 இன் 512 மடங்கு. இங்கு மாற்றியே கணினிக்குத் துடிப்பை வழங்குகிறது.

மின்தடை

2012 இல் திண்டுக்கல் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் நினைவட்டையின் கோப்பு முறைமை பழுதாகக்கூடும். ஆகவே இயங்குதளத்தைப் படிக்க மட்டும் இயலும் நிலையில் வைத்து, பாடல்களை வேறு வட்டில் சேமிப்பது நன்று. விலையுயர்ந்த கம்பிகளை வாங்குமுன் இதைச் செய்யலாம்.