வாப்பாவின் கிணற்றுத் தண்ணீரும் என் ஜப்பான் காரும்

1970களின் பிற்பகுதியில் கல்முனையில் வாடகைக் கார் ஓட்டியவர்களுள் என் வாப்பாவும் ஒருவர். அவரிடமிருந்தது 1950களில் இறக்குமதியான ஒரு மொறிஸ் மைனர். கண்டி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அம்பாறை, மகாஓயா, மகியங்கனை கடந்து 18 வளைவு ஏற்றத்தைத் தொட்டதும் கார் கொதிக்கத் தொடங்கிவிடும். வாப்பா பதறமாட்டார். பின்பெட்டியில் ஒரு தகரம் நிறைய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் இருக்கும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து அதை ஊற்றிவிட்டுப் புறப்படுவார். றேடியேற்றரில் ஒழுக்குக் கண்டால் ஒரு கரண்டி மஞ்சள்தூள். கார் வைத்தியத்தில் எனக்குக் கிடைத்த கல்வி இவ்வளவுதான்.

2023இல் எனது பழைய ஜப்பான் காரின் வெப்பமானி முள் பாதியைத் தாண்டி ஏறியபோது அந்தக் கல்வியைத்தான் நான் பயன்படுத்தினேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன், மஞ்சளும் போட்டேன். இரண்டு நாள் பொறுத்த முள், மூன்றாம் நாள் நிந்தவூரைத் தாண்டியதும் சிவப்புக்குப் போயிற்று.

வாப்பாவின் நம்பிக்கை மூடநம்பிக்கையன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1885இல் ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போவதே எஞ்சினைக் குளிர்விக்கும் முறை. 1888இல் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமலே அவ்வகை வண்டியொன்றை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது. 1948இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனர்களில் தண்ணீர் பம்ப்கூட இருக்கவில்லை. சூடேறிய நீர் தானாக மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும், அவ்வளவே. 1920களில் பரவலான கிளைக்கோல் திரவம் முதலில் குளிர்நாடுகளுக்கானது. தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமலிருக்கவே அதனைச் சேர்த்தார்கள். பனியே காணாத கல்முனையில் அதற்கென்ன வேலை என்று எங்கள் முன்னோர் எண்ணியதில் பிழையில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கைக்குக் கார் வருவது அரிதாயிற்று. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை இருப்பதை ஒட்டியும் பற்றவைத்தும் ஓடுவதே வழியாக இருந்தது. பித்தளை, செம்பு றேடியேற்றரில் துளை விழுந்தால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார். இந்தப் பழக்கம் கைத்திறனாகவே முதிர்ந்து, பின்னாளில் மொறிஸ் மைனரின் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது!

நிந்தவூர்ச் சம்பவத்துக்கு வருகிறேன். அன்று அஸருக்குப் பின் ஒரு பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிய அவரை ஊரில் எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, சூட்டோட திறந்தா முகம் வெந்து போகும்" என்றார். அந்த மூடி வெறும் மூடியன்று. அதில் 0.9 என்று பொறித்திருந்தது. உள்ளே அந்த அளவு அழுத்தம் நிற்கும்வரை தண்ணீர் சுமார் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டால் அதே தண்ணீர் அக்கணமே கொதித்துப் பீறிடும்.

கார் ஆறும்வரை அவர் என்னிடமே வேலை வாங்கினார். எண்ணெய் மூடியின் உட்புறத்தைப் பார்க்கச் சொன்னார்: பால் கலந்த தேநீர் நிறத்தில் கசடில்லை. புகைக்குழாயில் வெண்புகை இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போயிருந்தால் செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கியிருக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதன் பின் உதிரிப்பாகம் எதுவுமே மலிவில்லை. காருக்கடியில் அட்டை விரித்து நான் இரவு முழுதும் காத்தும் ஒரு சொட்டும் விழாததை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஆறின எஞ்சின் அழாது தம்பி."

கைப்பம்ப் ஒன்றை றேடியேற்றரின் வாயில் பூட்டி, மூடியிலிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். மானியின் முள் மெல்ல இறங்கியது. டோர்ச்சை ஹோஸ்கள் வழியே நகர்த்தச் சொன்னார். மேல் ஹோஸ் பூட்டியிருக்கும் அலுமினியக் கழுத்தின் விளிம்பில் வெண்பச்சைப் பொருக்கு. அதனடியில் முத்துப்போல ஒரு நீர்த்துளி. நான் முந்திய வாரம் அதே இடத்தில் கிளிப்பை இறுக்கியிருந்தேன். ஹோஸைக் கழற்றினோம். கழுத்து அம்மை விழுந்த முகம்போலக் குழிகுழியாக அரித்திருந்தது. எத்தனை முறுக்கினாலும் ரப்பர் அங்கே படியாது.

"என்ன ஊத்தின நீங்க?" என்றார். சொன்னேன்.

வாப்பாவின் மொறிஸில் எஞ்சின் வார்ப்பிரும்பு, றேடியேற்றர் செம்பு. உப்புத் தண்ணீரை அவை ஓரளவு தாங்கின. அரித்த இடத்தில் ஈயம் வைக்கலாம். என் காரின் ஹெட்டும் கழுத்தும் அலுமினியம். உப்பிலுள்ள குளோரைட் அதில் குழி பறிக்கும். கூலன்ட்டில் கிளைக்கோலோடு அரிப்பைத் தடுக்கும் இரசாயனங்களும் கலந்திருப்பது இதற்காகத்தான். எங்கள் கிணறோ, மணலுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையில் தோண்டியது. 2004 டிசெம்பர் 26 சுனாமி அதைக் கடல்நீரால் நிரப்பிற்று. பல மழைகளுக்குப் பின் நாக்குக்கு உவர்ப்புத் தெரியாமற்போனது, அலுமினியத்துக்குத் தெரிந்திருக்கிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் ஓடிய கார்கள் எல்லாமே முதுமையடைந்தவை. பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையே கதி. அங்கிருந்து ஒரு பழைய கழுத்து இரவு பஸ்ஸில் வந்தது. புதிய கேஸ்கட், புதிய கிளிப். கழுவிவிட்டபோது முதலில் வந்தது மஞ்சள் சேறு. பாஸ் அதைத் தொட்டு மோந்து பார்த்து, "கறியா வச்ச?" என்றார். பின் கூலன்ட்டும் வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம்.

இப்போது மாதமொருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும் காலையில், சேமிப்புப் போத்தலின் கோட்டைப் பார்க்கிறேன். வாப்பாவின் தகரம் இன்னும் பின்பெட்டியில்தான் இருக்கிறது. அதில் வடித்த நீர் இருக்கிறது.