புற்றுநோய் ஆராய்ச்சி நிதி: பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கு குறைவா? அமெரிக்க கணக்கு சொல்வது என்ன?

அக்டோபர் வந்தாலே அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் பிங்க் ரிப்பன்தான். "மார்பகப் புற்றுநோய்க்கு இவ்வளவு பணம், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்த ஆண்கள் கேட்பது அங்கே பழைய சண்டை. அதில் நியாயம் இருக்கா?

மேலோட்டமா பார்த்தா இருக்கு. அமெரிக்க புற்றுநோய் சங்கத்தின் 2024 மதிப்பீட்டின்படி, மார்பகப் புற்றுநோயால் இறக்கும் பெண்கள் 42,250 பேர். புரோஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் ஆண்கள் 35,250 பேர். ஆனால் அந்நாட்டு தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் மார்பகப் புற்றுநோய்க்குப் போவது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த இடைவெளி எப்படி வந்தது?

1990களின் தொடக்கத்தில், நோயிலிருந்து மீண்ட பெண்கள் ஒன்று சேர்ந்து லட்சக்கணக்கான கடிதங்களோடு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். சுகாதார நிதியை அதற்கு மேல் கூட்ட வழியில்லை. அப்போ பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ராணுவ பட்ஜெட்டில் இருந்து! 1993 நிதியாண்டில் 21 கோடி டாலர். 1998-ல் இதற்காக தனி தபால்தலையே வந்தது. அதில் வசூலான கூடுதல் தொகை ஆராய்ச்சிக்குப் போனது. ஆண்களும் சும்மா இருக்கவில்லை. 1997-ல் அதே ராணுவ பட்ஜெட்டில் புரோஸ்டேட்டுக்கும் தனித் திட்டம் வாங்கினார்கள்.

உண்மையில் பின்தங்கியது யார்?

இறப்பு அபாயத்தோடு நிதியை ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில், முதல் 2 இடங்களும் மார்பகத்துக்கும் புரோஸ்டேட்டுக்கும்தான். சினைப்பை புற்றுநோய்க்கு 10-வது இடம், கருப்பை வாய்க்கு 12, கருப்பைக்கு 14. ஆக, "பெண்கள் பங்கு" என்று ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதே தப்பு.

புரோஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். சினைப்பை புற்றுநோயில் பாதிப்பேர்தான். பிழைத்தவர்கள் குறைவு என்றால் ஊர்வலம் போக, கடிதம் எழுத ஆளும் குறைவு. கருப்பைப் புற்றுநோயிலோ கருப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட சுமார் 2 மடங்கு. அதற்கென்று பெரிய பிரசாரம் எதுவும் பல காலம் இல்லை.

நுரையீரல் புற்றுநோய் இன்னொரு கதை. ஆண், பெண் இரு தரப்பிலும் அதிக உயிர்களைப் பறிப்பது அதுதான். நிதியோ மார்பகத்தைவிட குறைவு. "சிகரெட் பிடிச்சா வரத்தான் செய்யும்" என்ற பேச்சும் இதற்கு ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். ஒரு நோய்க்குப் போன பணம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பரம்பரை மார்பகப் புற்றுநோயைத் தேடியபோது கிடைத்த பிஆர்சிஏ மரபணுக்களை வைத்து வளர்ந்த ஓலாபரிப் மாத்திரைக்கு, அமெரிக்காவில் 2014-ல் சினைப்பை புற்றுநோய்க்கும், 2018-ல் மார்பகத்துக்கும், 2020-ல் புரோஸ்டேட்டுக்கும் அனுமதி கிடைத்தது.