பட்டதாரிக்கு வேலைச் செய்தி வந்த வரலாறு

கல்வியின் பயன் அறிவு என்பர் சான்றோர். அதனை மறுப்பார் இலர். எனினும் நிலமும் முதலும் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில், முதன்முதல் பட்டம் பெறும் பிள்ளையின் கல்வி ஊதியமாக மாறினாலன்றி, அடுத்த தம்பி தங்கையரின் படிப்புத் தொடர்வது அரிதாகிவிடுகிறது. பட்டத்திற்கும் பணிக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். எங்கே எந்த இடம் காலியாக உள்ளது, அதற்கு யார், எவ்வாறு, எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் செய்தியே அப்பாலமாகும். அச்செய்தி நம்மவரை வந்தடைந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

வெள்ளையர் ஆட்சியில் அலுவலகங்கள் பெருகின. ஆனால் ஓர் எழுத்தர் இடம் காலியாகும் செய்தி, அங்குப் பணியாற்றுவோரின் வீட்டுத் திண்ணையையே முதலில் எட்டியது. தமையன் தம்பிக்கும், மாமன் மருமகனுக்கும் சொல்லியனுப்பினர். அத்தெருவில் நடக்கவே தடுக்கப்பட்டவர்களுக்கு அச்செய்தி எவ்வாறு எட்டும்? செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே, தன் பட்டதாரிகளுக்கு வேலை தேடித்தர 1892இல் ஒரு குழுவை அமைத்தது. உற்றார் துணை உடையோர்க்கே அத்தகைய அமைப்புத் தேவைப்பட்டதென்றால், அத்துணை இல்லாத நம்மவர்க்கு அதன் தேவையைச் சொல்லவும் வேண்டுமோ?

தனியொருவரின் தயவால் கிடைக்கும் பணி நிலைக்காது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. கொலம்பியாவில் உயர்கல்வி பயின்று வந்த அவர், 1917இல் பரோடா மன்னரிடம் பணியேற்றார். ஆனால் அந்நகரில் அவருக்குக் குடியிருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் தங்கிய அவரைத் தடி ஏந்திய கூட்டத்தார் வந்து வெளியேற்றினர். மன்னரின் நல்லெண்ணம் இருந்தும், அவர் பம்பாய் திரும்ப நேர்ந்தது. நம்மவர் உரிமை விதியாலும் சட்டத்தாலும் நிலைநாட்டப்பட வேண்டும் என்பதற்காகவே பிற்காலத்தில் அவர் உழைத்தார்.

அதற்குள் சென்னை மாகாணத்தில் ஒரு தொடக்கம் ஏற்பட்டிருந்தது. 1921இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணை பிறந்தது. எஸ். முத்தையா முதலியார் அமைச்சராயிருந்தபோது 1928இல் அது செயலுக்கு வந்தது. பன்னிரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு என வரையறுக்கப்பட்டது. 1947இல் அது பதினான்கில் இரண்டாயிற்று. 1929ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கு ஒரு பணித் தேர்வாணையமும் அமைந்தது. பணியமர்த்தும் பொறுப்பு அதிகாரியின் விருப்பத்தினின்று விலகிப் பொதுத்தேர்வின் பக்கம் நகரத் தொடங்கியது.

1942இல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே நம் மக்களின் குறைகளை விளக்கி ஒரு விரிவான முறையீட்டை அளித்தார். அதன் பின்னர், 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு ஒதுக்கீடு ஆணையாயிற்று. 1946இல் அது 12½ ஆகவும், 1970இல் 15 ஆகவும் உயர்ந்தது. பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. நம்மில் பட்டம் பெற்றோர் பலர் அவ்வுதவியால் படித்தவர்களே.

அவர் அத்துறையை வகித்த காலத்திலேயே, 1945 ஜூலையில், வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் தொடங்கப்பெற்ற அவை, 1948இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1956இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1960 மே முதல் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அலுவலகங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அவ்வலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டுமென்றது. இதன் சிறப்பை இளைஞர்கள் உணர வேண்டும். அலுவலகத்தில் ஒருவரையும் அறியாத கூலித் தொழிலாளியின் மகனுக்கும், கல்வித் தகுதியும் பதிவு மூப்பும் கொண்டு சேரியின் முகவரிக்கே அழைப்பு அட்டை வந்தது. திண்ணையில் அடைபட்டிருந்த செய்தி தபால்காரர் கைக்கு மாறியது.

பல்கலைக்கழகங்களிலும் வேலைவாய்ப்புத் தகவல் வழிகாட்டும் மையங்கள் அமைந்தன. தொழிற்கல்வி, முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்குச் சென்னையிலும் மதுரையிலும் தனி அலுவலகங்கள் ஏற்பட்டன. மத்திய அரசின் ‘எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்’ வார இதழ் 1976இல் வெளிவரலாயிற்று.

இவற்றின் எல்லையையும் அறிதல் வேண்டும். காலியிடத்தை அறிவிக்கச் சொன்ன சட்டம், அலுவலகம் அனுப்பியவரையே அமர்த்த வேண்டுமெனக் கூறவில்லை. பதிவு செய்தோர் வரிசை நீண்டது. ஆண்டுகள் பல காத்திருந்து வயது வரம்பைக் கடந்தவர் உண்டு. செய்தித்தாள் முதலியவற்றின் வழியாகவும் விளம்பரம் செய்து, விண்ணப்பிப்போர் அனைவரையும் கருத வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அட்டைக்காகக் காத்திருப்பது மட்டும் போதாதென்றாயிற்று.

இன்று மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் உண்டு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் உண்டு. செய்தி கையடக்கத் தொலைபேசியிலேயே கிடைக்கிறது. ஆயினும் தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. அங்குப் பல நிறுவனங்கள் தம் ஊழியரின் பரிந்துரையின் பேரிலும் ஆள் எடுக்கின்றன. ஊழியர் தம் உறவினரையும் நண்பரையும் பரிந்துரைப்பது இயல்பு. பழைய திண்ணை புதிய கட்டடத்திற்குள் குடியேறியிருக்கிறது என்றால் மிகையாகாது. உள்ளே நம்மவர் சிலரே இருப்பின், நம் இளைஞரைப் பரிந்துரைப்போரும் சிலரே.

ஆகவே, பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்துள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் அறிவிப்பு வரும்போது அதனைச் சங்கத்திற்குத் தெரிவியுங்கள். ஆண்டுக்கு இருவருக்கேனும் விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்கு ஆயத்தமாகவும் துணை நில்லுங்கள். இளைஞர்களே! சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வையுங்கள். வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுக்கொருமுறை தவறாது புதுப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிலுங்கள். தேர்வாணையத் தேர்வுகளில் உங்களுக்குரிய கட்டண விலக்கைத் தயங்காது கேட்டுப் பெறுங்கள்.

இவ்வுரிமைகளுள் எதுவும் தானாக வந்ததன்று. கேட்டும் வாதாடியும் முன்னோர் பெற்றவை. அவற்றை அறிந்து பயன்படுத்தி, அறியாதார்க்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.