மாத அறிக்கைகளைத் தானாக நகலெடுக்க: கோப்புப் பாதையில் 'மாறி' வைக்கும் முறை

மாதம் பிறந்ததும் சம்பளப் பட்டியல், விற்பனை அறிக்கை, வங்கி அறிக்கை என்று கோப்புகளை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வேலை பல சிறு நிறுவனங்களில் இன்னமும் கையால்தான் நடக்கிறது. நான்கைந்து வரிகளில் ஒரு நிரல் எழுதி அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிடலாம். ஆனால், அந்த நிரலில் கோப்பின் பாதையை எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

இதைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. வணிகக் கணக்குப் பதிவுகளைச் சிங்கப்பூரில் குறைந்தது 5 ஆண்டுகளும் மலேசியாவில் 7 ஆண்டுகளும் வைத்திருக்கவேண்டும் என்பது வரிச் சட்டம். தானியங்கி நிரல் ஒன்று மார்ச் அறிக்கையை மே மாதக் கோப்புறையில் போட்டுவிட்டால், வரித்துறை கேட்கும் நாள்வரை யாருக்கும் அது தெரியாமல் போகலாம்.

பாதையும் மாறியும்

கணினியில் ஒரு கோப்பு இருக்கும் முகவரியே அதன் பாதை. 'டி:\அறிக்கை\2025\03\சம்பளம்' என்று எழுதினால் அது மார்ச் மாதத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஏப்ரலில் யாராவது நிரலைத் திறந்து 03ஐ 04 ஆக்கவேண்டும். மறந்துவிட்டால் பழைய கோப்பே மீண்டும் நகலாகும்.

மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பாவைப் போன்றது. பெயர் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பதுதான் மாறும். 'டி:\அறிக்கை\%ஆண்டு%\%மாதம்%\சம்பளம்' என்று எழுதிவிட்டால், நிரல் ஓடும் நேரத்தில் கணினியே அந்த இடங்களை நிரப்பிக்கொள்ளும். விண்டோஸின் கட்டளைக் கோப்புகளில் மாறியின் இரு பக்கமும் சதவீதக் குறி வரும். பவர்ஷெல்லில் பெயருக்கு முன்னால் டாலர் குறி போதும். (படிக்க வசதியாக இங்கு பெயர்கள் தமிழில் தரப்பட்டுள்ளன. நிரலில் ஆங்கில எழுத்துகளில் வைப்பதே சிக்கலில்லாதது.)

எல்லாவற்றையும் மாறியாக்கத் தேவையில்லை. எந்த வட்டு அல்லது சேவையகம், எந்த மாதம், எந்தக் கிளை அல்லது வாடிக்கையாளர் ஆகிய மூன்றையும் நிரலின் தலைப்பகுதியில் ஒரே இடத்தில் வைத்தால் போதும். ஊழியரின் பெயரைப் பாதையில் நேரடியாக எழுதுவது பெரிய தவறு. அவர் வேலையை விட்டுப் போனதும் நிரலும் படுத்துவிடும். பயனரின் சொந்தக் கோப்புறையைக் குறிக்க விண்டோஸிலேயே 'யூசர்புரொஃபைல்' என்ற ஆயத்த மாறி இருக்கிறது.

கட்டளைக் கோப்பில் மாறிக்கு மதிப்பு கொடுக்கும்போது சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் அந்த இடைவெளியும் பெயரின் பகுதியாகிவிடும். பிறகு 'மாதம்' என்று தேடினால் கணினிக்கு அப்படி ஒரு மாறியே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் இதில் மணிக்கணக்கில் நேரம் வீணாகும்.

தேதிதான் பெரிய தலைவலி

மாதத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் செய்வது, கணினி தரும் இன்றைய தேதியில் நான்காவது, ஐந்தாவது எழுத்துகளை வெட்டி எடுப்பது. தேதி '05/03/2025' என்று இருக்கும் கணினியில் '03' கிடைக்கும், வேலை நடக்கும். பூஜ்யம் சேர்க்காமல் '5/3/2025' என்று காட்டும் கணினியில் அதே நிரலுக்கு '/2' கிடைக்கும். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும் கணினியில் மாதத்துக்குப் பதிலாக நாள் கிடைக்கும். மார்ச் 5ஆம் தேதி ஓடிய நிரல், மே மாதக் கோப்புறையைத் தேடிப் போகும். இந்த அமைப்பு கணினிக்குக் கணினி வேறுபடுவதால், எழுதியவரின் மடிக்கணினியில் சரியாக ஓடிய நிரல் அலுவலகக் கணினியில் தவறலாம். சாய்கோடு உள்ள தேதியைக் கோப்பின் பெயரில் அப்படியே வைக்கவும் முடியாது. விண்டோஸ் பெயரில் சாய்கோட்டை ஏற்காது.

தேதியை வெட்டுவதைவிட, எந்த வடிவில் வேண்டும் என்று பவர்ஷெல்லிடம் கேட்டு வாங்குவது நல்லது. ஆண்டு நான்கு இலக்கம், கோடு, மாதம் இரண்டு இலக்கம் என '2025-03' போல வாங்கினால் கோப்புறைகள் பெயர் வரிசையில் நிற்கும்போதே கால வரிசையிலும் நிற்கும். இங்கே ஓர் எழுத்து விளையாடும். வடிவம் கேட்கும்போது ஆங்கில 'எம்' எழுத்தைப் பெரிய எழுத்தாக இருமுறை எழுதினால் மாதம். சிறிய எழுத்தாக எழுதினால் நிமிடம்! காலை 9.03 மணிக்குச் சோதித்துப் பார்த்தவருக்கு மார்ச் மாதம் சரியாக வந்ததாகவே தோன்றும்.

மாத அறிக்கை பெரும்பாலும் சென்ற மாதத்துக்கானது. அதற்காக மாத எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஜனவரியில் பூஜ்யம் வரும், ஆண்டும் குறையாது. தேதியிலிருந்தே ஒரு மாதத்தைக் கழிக்கும் வசதி பவர்ஷெல்லில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஜனவரி 2026இல் ஓடினாலும் '2025-12' சரியாகக் கிடைக்கும்.

இணையத்தில் இயங்கும் பவர் ஆட்டோமேட் போன்ற சேவைகளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அவற்றில் 'இப்போது' என்று கேட்டால் கிடைப்பது உலகப் பொது நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் அதைவிட 8 மணி நேரம் முன்னால் உள்ளன. ஏப்ரல் 1ஆம் தேதி காலை 7 மணிக்கு ஓடும் வேலைக்கு, அங்கே இன்னும் மார்ச் 31 இரவு 11 மணிதான். 'சென்ற மாதம்' என்று கேட்டால் பிப்ரவரி வரும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகே மாதத்தைக் கணக்கிடவேண்டும்.

இடைவெளி உள்ள பெயர்கள்

நிறுவனக் கணக்கில் ஒன்டிரைவ் பயன்படுத்தினால் கோப்புறையின் பெயரிலேயே இடைவெளி இருக்கும். மாறி உள்ள பாதையை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், கணினி அதை இரண்டு பாதைகளாக எடுத்துக்கொள்ளும். 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2 நிறுவல் நிரலில் நடந்தது இதுவே. வட்டின் பாதையைத் தாங்கிய மாறிக்கு மேற்கோள் குறி போடாததால், பெயரில் இடைவெளி இருந்த வட்டுகளில் சிலருடைய தரவுகள் அழிந்தன. ஆப்பிள் அதை உடனே மீட்டுக்கொண்டு, திருத்திய பதிப்பை வெளியிட்டது.

விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி கருவியில் மேற்கோளை மூடும் இடத்துக்கு முன்னால் பின்சாய்கோடு இருக்கக்கூடாது. இருந்தால் அந்த மேற்கோள் மூடியதாகக் கணக்கில் வராது; அடுத்த பாதையும் இதனுடன் ஒட்டிக்கொள்ளும்.

மாறி காலியாக இருந்தால்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வேலையைக் கெடுக்கும். இது பல ஆண்டுக் கோப்புகளையே துடைத்துவிடும்.

நடப்பு மாத அறிக்கைகளை 'ஈ:\காப்பு\%காலம்%' என்ற இடத்துக்கு ரோபோகாப்பியின் 'மிர்' வசதியால் நகலெடுக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி, மூலத்தில் இல்லாத எதையும் சேரும் இடத்தில் விட்டுவைக்காது. ஏதோ காரணத்தால் 'காலம்' காலியாகிவிட்டால் சேரும் இடம் 'ஈ:\காப்பு\' ஆகிவிடும். மூலத்தில் இருப்பது இம்மாதக் கோப்புகள் மட்டும். ஆகவே, சேமித்து வைத்த எல்லா மாதக் கோப்புறைகளும் ஒரே ஓட்டத்தில் அழிந்துபோகும். கணினி பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் சொன்னதைத்தான் அது செய்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், ஒரு கோப்புறையைத் தாங்கவேண்டிய மாறி காலியாகிப் போனது. அதற்குள் உள்ளவற்றை அழிக்கும் கட்டளை, வட்டின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. பயனர் ஒருவருக்குக் கணினியில் இணைத்திருந்த வெளி வட்டில் வைத்த காப்புப் பிரதியும் போய்விட்டது. அந்த வரிக்கு அருகில் 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் நிரலாளரே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். பயந்தவர் ஒரு சோதனை வரியையும் சேர்த்திருக்கலாம்.

அந்தச் சோதனை எளிது. நகலெடுக்கும் வரிக்கு முன்னால், மாறி காலியா என்று கேட்டு, காலியென்றால் நிரலை அங்கேயே நிறுத்தவேண்டும். அடுத்து, மூலக் கோப்புறை உண்மையில் இருக்கிறதா, அதில் ஒரு கோப்பாவது உள்ளதா என்று பார்க்கவேண்டும். பவர்ஷெல்லில் 'ஸ்ட்ரிக்ட்மோட்' அமைப்பை 'லேட்டஸ்ட்' என்று வைத்தால், மதிப்பே தராத மாறியைத் தொட்டதும் பிழை காட்டும். ஆனால் வெற்று மதிப்பு தரப்பட்ட மாறியை அது பிடிக்காது. சோதனை வரி எப்படியும் வேண்டும். மாத அறிக்கைகளுக்கு 'மிர்' வசதியே தேவையில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சேர்த்துக்கொண்டே போகும் சாதாரண நகல் போதும்.

முதல்முறை ஓட்டும்போது ரோபோகாப்பியில் 'எல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எதையும் நகலெடுக்காமல், எது எங்கே போகும் என்ற பட்டியலை மட்டும் தரும். பவர்ஷெல்லில் 'வாட்இஃப்' அதே வேலையைச் செய்யும்.

குறித்த நேரத்தில் ஓடும்போது

கையால் ஓட்டியபோது சரியாக இருந்த நிரல், விண்டோஸின் பணி அட்டவணையில் வைத்ததும் நின்றுபோவது வழக்கமான புகார். பயனர் உள்நுழையாத நேரத்தில் ஓடும் பணிக்கு, அவர் இணைத்து வைத்த 'இசட்:' போன்ற வலையமைப்பு வட்டு தெரியாது. இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் சேவையகத்தின் முழுப் பாதையை வேர் மாறியில் வைத்தால் இது தீரும்.

பணி முடிந்ததும் அட்டவணையில் 1 என்ற எண் தெரிந்தால் பதறவேண்டியதில்லை. ரோபோகாப்பியில் 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை, 1 என்றால் கோப்புகள் நகலாகிவிட்டன. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. மாதத் தொடக்கத்தில் 0 வந்தால் மட்டும் ஒருமுறை கோப்புறையைத் திறந்து பார்க்கலாம். பாதையில் தவறான மாதம் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.