கமர்கட்டு சொன்ன பாடம்

நடுவர் அவர்களே, எதிரே சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, தறியை நிறுத்திவிட்டு இந்தத் திருப்புட்குழித் திடலுக்கு வந்திருக்கிற பெரியோர்களே, வீட்டில் பிள்ளைகளோடு பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

'கொள்ளைநோய்க் காலத்தில் மக்களை நல்வழிக்குக் கொண்டுவருவது சட்டமா, சலுகையா?' இதுதானே தலைப்பு?

எனக்கு அஞ்சு வயசு இருக்கும். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்தார். நான் பரண் மேல் ஏறிட்டேன். அப்பா பிரம்பை எடுத்தார். நான் இன்னும் உள்ளே போயிட்டேன். அம்மா வந்தாள். "இறங்கி வாடா ராசா, கமர்கட்டு வாங்கித் தரேன்" என்றாள். அடுத்த நிமிஷம் இறங்கிட்டேன். (சிரிப்பு) அந்தத் தழும்பு இன்னும் என் கையில் இருக்கு. பிரம்பு எதிரணி, கமர்கட்டு எங்கள் அணி. (கைதட்டல்)

"பேராசிரியர் சின்னப்பிள்ளைக் கதை சொல்கிறார்" என்பீர்கள். சரி, வரலாற்றுக்கே போவோம்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. மறு வருஷமே, 1897-இல், கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனாவில் என்ன நடந்தது? சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். அடுப்படி, பூசையறை என்று பார்க்கவில்லை. ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். நோய்க்குப் பயந்ததைவிடச் சோதனைக்குப் பயந்தார்கள். அந்த வருஷம் ஜூன் 22-ஆம் தேதி, பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஐயா, மிரட்டினால் நோய் வெளியே வராது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்!

ஆனால் நம்ம ஊரில் ஒரு வழக்கம் பாருங்கள். வீட்டில் அம்மை வார்த்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவன் உள்ளே வரமாட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் வெளியே போகமாட்டார்கள். இதற்குச் சட்டம் உண்டா? போலீஸ் உண்டா? ஒரு கொத்து வேப்பிலை, அவ்வளவுதான். மக்கள் மனசுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் கேட்பார்கள்.

அந்த மொழியைத் தெரிந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பெயர் எல்லிஸ். சென்னையில் கலெக்டராக இருந்தவர். வள்ளுவர் மேல் காதல் கொண்டு எல்லீசன் என்று தமிழாகவே ஆகிவிட்டவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு குடும்பம் என்று 1816-லேயே, கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாலேயே எழுதியவர்.

இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் பசு அம்மையிலிருந்து தடுப்பு முறையைக் கண்டார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. ஆனால் ஜனங்கள் கையை நீட்டவில்லை. எல்லிஸ் யோசித்தார். இந்த மருந்து பசுவிடமிருந்து வருகிறது. பசுவோ இவர்களுக்குத் தெய்வம். உடனே சம்ஸ்கிருதத்தில் ஒரு சின்னச் செய்யுளைத் தாமே எழுதி, பழைய தாளில் ஏற்றி, பழஞ்சுவடியில் கிடைத்ததாகச் சொல்ல ஏற்பாடு ஆயிற்று. ஆஹா, என்ன சாமர்த்தியம்!

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் என் அணிக்கு எதிராகவே நான் பேசப் போகிறேன். நோக்கம் நல்லது, ஆனால் அது பொய். அந்தப் பொய் நின்றதா? இல்லை. ஆனால் செத்துப்போனதா? அதுவும் இல்லை! "அம்மைத் தடுப்பூசி நம் பழைய நூல்களிலேயே இருக்கிறது" என்ற கதையாக மாறி நூறு வருஷத்துக்கு மேல் சுற்றி வந்தது. நல்லதுக்குச் சொன்ன பொய் வரலாற்றையே கறைப்படுத்திவிட்டது. நாளைக்கு மக்கள், "அன்றைக்கு ஏமாற்றினாயே, இன்றைக்கு எப்படி நம்புவது?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? மனசுக்குப் புரியும்படி சொல்வது வேறு. மனசை ஏமாற்றுவது வேறு.

ஏமாற்றாமலும் செய்யலாம். மைசூர் அரச குடும்பத்துப் பெண்களை 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் வரைந்தார். அதில் ஒரு ராணி சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைக் காட்டி நிற்கிறார். ஊசி போட்ட இடத்தைத்தான் காட்டுகிறார் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். "ராணியே குத்திக்கொண்டார்" என்பதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இப்போது இதற்குப் பெயர் நடத்தைப் பொருளியல். இந்தத் துறையின் ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். என்ன சொல்கிறார்கள்? ஊசியின் வலி இன்றைக்கு, பலன் என்றைக்கோ. மனுஷ மனம் இன்றைக்கு உள்ளதைத்தான் பெரிதாகப் பார்க்கும். ஆகவே இன்றைக்கே ஒரு சின்ன நன்மையைக் கூடவே வை. என் அம்மா நோபல் வாங்கவில்லை, அவ்வளவுதான். (சிரிப்பு, கைதட்டல்)

ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் 134 கிராமங்களில் பானர்ஜியும் டுஃப்லோவும் அவர்கள் தோழர்களும் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாத ஊரில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடத்திய ஊரில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, முடித்தால் தட்டு என்று கொடுத்த ஊரில் 39!

"இது லஞ்சம்" என்கிறது எதிரணி. ஐயா, தறியை விட்டு எழுந்து போனால் அன்றைக்குக் கூலி கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய்க்குக் கொடுத்த பருப்பு லஞ்சமா? அவள் இழந்த அரை நாளுக்கு மரியாதை!

நம் நாட்டில் பெரியம்மையை விரட்டினோமே, எப்படி? நோயாளியை ஒளித்தவனைத் தேடிப் பிடித்து உதைத்தா? நோய் இருக்கிற இடத்தைச் சொன்னவனுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். 1975-இல் அது 1000 ரூபாய் வரை போனது. ஒளித்த ஊரே தேடிச் சொல்லும் ஊராக மாறியது. 1980-இல் உலகமே விடுதலை பெற்றது.

கொரோனாவிலும் பார்த்தோமே! கோவளத்தில் பிரியாணியும் குலுக்கல் பரிசும் வைத்தார்கள். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. முகாமைத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். லீவு நாள், பக்கத்துத் தெரு. இதுவே பெரிய சலுகை.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலப்பட மருந்து விற்கிறவனுக்குச் சட்டம் வேண்டும். பயந்து நிற்கிற தாய்க்குச் சட்டம் எதற்கு?

மணி அடிக்கப் போகிறார் நடுவர். முடித்துவிடுகிறேன். இந்த ஊர்த் தாயார் சந்நிதியின் விசேஷம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். விடிந்ததும் முளைத்திருக்கிறதா என்று ஆசையோடு பார்க்கிறார்கள். வறுத்த பயறே முளைக்கும் என்று நம்புகிற மனசு அது! அந்த மனசைப் பிரம்பால் அடித்து வாடவைக்காதீர்கள். பொய்யால் அதைச் சுட்டுவிடாதீர்கள். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் உண்மை, ஒரு பிடி பருப்பு. நிச்சயம் முளைக்கும் என்று சொல்லி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)